6கச-ஐ வெளியே எடுத்துவிட்டால் அங்கே 1 எங்கிருந்து வருகிறது? எட்டாம் வகுப்புக் காரணிப்படுத்துதல்

எட்டாவது_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு, தமிழ்வழி. இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் காரணிப்படுத்துதல்தான் பேச்சு. எனக்கு விடை போடத் தெரியும், பள்ளியில் படித்தது கை மறக்கவில்லை, ஆனால் அவள் கேட்கிற "ஏன்"களுக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். கைபேசியில் தமிழ் விசைப்பலகைதான் வைத்திருக்கிறேன், ஆகவே புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கிற இடத்தில் எல்லாம் க, ச என்று போட்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான்: 12க²ச + 18கச² − 6கச

அவள் எழுதிய விடை: 6கச(2க + 3ச)

டியூஷனில் அதைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு 6கச(2க + 3ச − 1) என்று பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். எதனால் என்று ஒரு வரி கூட இல்லை. அவள் என்னிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன்: "அம்மா, 6கச-ஐ வெளியே எடுன்னுதானே சொன்னாங்க? எடுத்துட்டேன். கடைசி உறுப்புல இருந்ததே 6கச மட்டும்தான். பீரோவுல இருந்து ஒரே ஒரு புடவையை வெளியே எடுத்தா அந்தத் தட்டு காலியாத்தானே இருக்கும், அங்க 1 எங்கிருந்து வரும்?" எனக்கு அவள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

இன்னொன்று. 24க³ − 36க² என்பதில் மீப்பெரு பொதுக் காரணியை எடுக்கச் சொல்லியிருந்தது. மீப்பெரு என்றால் ஆகப் பெரியது, அப்படியானால் க³-தானே பெரியது என்று 12க³(2 − 3) என்று எழுதிவிட்டாள். சின்ன அடுக்கைத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்கு நினைவிருந்தது, சொன்னேன். "பேரு மீப்பெரு, எடுக்கிறது சின்னதையா?" என்கிறாள்.

மூன்றாவதும் அவளே கேட்டதுதான். போன பாடத்தில் அடைப்புக்குறியை விரித்து எழுதச் சொன்னார்கள், இந்தப் பாடத்தில் அதையே திருப்பி மடித்து எழுதச் சொல்கிறார்கள், எதற்கு இந்த வேலை? யாராவது அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் நன்றாக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன்.

சாக்பீஸ்_தூள்:

அம்மா, உங்கள் மகள் கேட்டது அருமையான கேள்வி, முதலில் அதை அவளிடம் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு நடத்தியவன் நான். இந்த 1-ஐ விடாத வகுப்பு ஒன்றைக் கூட நான் பார்த்ததில்லை. முதல் பத்து வருடம் கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, தப்பு பிள்ளைகளிடம் இல்லை, நாங்கள் சொல்லிக்கொடுத்த சொல்லில் இருக்கிறது. "வெளியே எடு" என்ற சொல்தான் காரணம். தமிழில் ஒன்றை எடுத்தால் அந்த இடம் காலியாகும், டப்பாவில் இருந்து முறுக்கை எடுத்தாலும் சரி, பீரோவில் இருந்து புடவையை எடுத்தாலும் சரி. அது கழித்தல். 7-இல் இருந்து 7-ஐ எடுத்தால் 0. ஆனால் காரணிப்படுத்தும்போது நாம் கழிப்பதே இல்லை, வகுக்கிறோம். 7-ஐ 7 ஆல் வகுத்தால் 1. பாப்பா கழித்தலை நினைத்துக்கொண்டு வகுத்தலைச் செய்திருக்கிறாள், அவள் மனதில் ஓடியது 6கச − 6கச, ஓடியிருக்க வேண்டியது 6கச ÷ 6கச.

அதனால் நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். "ஒவ்வொரு உறுப்பையும் பொதுக் காரணியால் வகு, வந்ததை எல்லாம் அடைப்புக்குறிக்குள் எழுது, வகுத்ததை வெளியே பெருக்கலாக நிறுத்து" என்றுதான் சொல்வேன். நீளம்தான், ஆனால் பிள்ளை ஏமாறாது.

இப்போது புடவைக்குப் பதிலாகத் தாம்பூலப் பை. ஒரு விசேஷத்துக்கு 12 வெற்றிலை, 18 பாக்கு, 6 தேங்காய் வாங்கி வைத்திருக்கிறீர்கள், ஆறு பை போட வேண்டும். ஒரு பையில் என்ன இருக்கும்? 2 வெற்றிலை, 3 பாக்கு, 1 தேங்காய். இதை 6 × (2 வெற்றிலை + 3 பாக்கு + 1 தேங்காய்) என்று எழுதலாம். பாப்பா எழுதியபடி 6 × (2 வெற்றிலை + 3 பாக்கு) என்று எழுதினால் ஆறு தேங்காய் காணாமல் போய்விட்டது. வெளியே இருக்கிற 6 என்பது பைகளின் எண்ணிக்கை, அது தேங்காய் இல்லை. தேங்காய் இன்னும் பைக்குள்தான் இருக்கிறது, ஒரு பைக்கு ஒன்று. அந்த ஒன்றுதான் அந்த 1. நம் கணக்கில் கடைசி உறுப்புக்கு முன்னால் கழித்தல் குறி இருந்ததால் அது −1 ஆகி நிற்கிறது, வேறு எதுவும் இல்லை.

போட்ட விடை சரியா என்று பார்க்க யாரிடமும் போக வேண்டாம். க = 1, ச = 1 என்று போடச் சொல்லுங்கள். கேள்வி: 12 + 18 − 6 = 24. அவள் விடை: 6(2 + 3) = 30. திருத்திய விடை: 6(2 + 3 − 1) = 24. முடிந்தது.

எட்டாவது_அம்மா:

சார், மிக்க நன்றி. தாம்பூலப் பை என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள், போன மாதம்தான் என் தம்பி வீட்டு விசேஷத்துக்கு இவளும் உட்கார்ந்து பை போட்டாள். "அப்ப வெளிய நிக்கிறது பை, உள்ள இருக்கிறது பொருள்" என்று தானாகவே சொல்லிக்கொண்டாள். மீப்பெரு சந்தேகம் மட்டும் அப்படியே நிற்கிறது. நீங்கள் சொன்னபடி அந்தக் கணக்கையும் 1 போட்டுப் பார்த்தாள், 24 − 36 = −12, அவள் விடையிலும் 12(2 − 3) = −12. "பாத்தியா, என்னுது சரி" என்கிறாள். இப்போது நான் என்ன சொல்வது?

யாழ்_அட்சரகணிதம்:

வணக்கம் அக்கா. யாழ்ப்பாணத்தில் ஒன்பது, பத்து, சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். உங்கள் மகள் செய்த பரிசோதனையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐயா சொன்ன தாம்பூலப் பை நல்ல விளக்கம், அதை நானும் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் 1-ஐப் போட்டுச் சரிபார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 1-இன் எந்த அடுக்கும் 1-தான். க, க², க³ மூன்றுக்கும் ஒரே பெறுமானம் வரும்போது அடுக்கில் விட்ட பிழை எப்படி வெளியே தெரியும்? குறியில் விட்ட பிழையும் எண்ணில் விட்ட பிழையும் பிடிபடும், அடுக்கில் விட்டது ஒளிந்துகொள்ளும். ஆகவே க = 2, ச = 3 என்று போடச் சொல்லுங்கள்.

24க³ − 36க² இல் க = 2: 24 × 8 = 192, 36 × 4 = 144, வித்தியாசம் 48. மகளின் விடை 12 × 8 × (2 − 3) = −96. பொருந்தவில்லை. சரியான விடை 12க²(2க − 3), அதில் போட்டால் 12 × 4 × 1 = 48. பொருந்துகிறது.

முதல் கணக்கையும் 2, 3 போட்டு ஒருக்கா செய்து பார்க்கச் சொல்லுங்கள், அதில் ஒரு வடிவான விஷயம் இருக்கிறது. 144 + 324 − 36 = 432. ஒன்றை விட்டு எழுதிய விடையில் 36 × 13 = 468. எவ்வளவு வித்தியாசம்? 36. அதுதான் 6கச-இன் பெறுமானம், 6 × 2 × 3. தொலைந்த உறுப்பு தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்து நிற்கிறது. விடை பிழை என்று மட்டுமில்லை, எது போனது என்றும் எண் காட்டிக்கொடுக்கிறது.

இனி "மீப்பெரு". நாங்கள் இங்கே பொதுக் காரணிகளுட் பெரியது, சுருக்கமாகப் பொ.கா.பெ. என்போம். அந்தப் பெயரில் பிள்ளைகள் "பெரியது" என்ற சொல்லைத்தான் முதலில் பார்க்கிறார்கள், "பொது" என்ற சொல்லைப் பார்ப்பதில்லை. முதலில் அது பொதுவாக இருக்க வேண்டும், பொதுவாக இருப்பவற்றுக்குள்தான் பெரியது. அடுக்கை அவிழ்த்து எழுதினால் விளங்கும்:

24க³ = 2 × 2 × 2 × 3 × க × க × க
36க² = 2 × 2 × 3 × 3 × க × க

மேலே மூன்று க, கீழே இரண்டு க. இரண்டு பேரிடமும் இருப்பது எத்தனை? இரண்டுதான். மூன்றாவது க கீழே இருப்பவரிடம் இல்லவே இல்லை, இல்லாததைப் பொதுவாக எடுக்க முடியாது. இதையே எண்ணில் அவள் ஏற்கெனவே சரியாகச் செய்திருக்கிறாள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். மேலே மூன்று 2, கீழே இரண்டு 2. அவள் 8-ஐ எடுக்கவில்லை, 4-ஐத்தான் எடுத்து 12 ஆக்கினாள். 36-ஐ 8 ஆல் வகுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். க-வுக்கும் அதே நியாயம்தான், எழுத்து என்பதால் நியாயம் மாறாது. அவளிடம் "8-ஐ ஏன் எடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், மிச்சத்தை அவளே சொல்வாள்.

சாக்பீஸ்_தூள்:

யாழ் நண்பர் சொல்வது முழுக்கச் சரி, 1 போடச் சொன்னது என் தவறு. வகுப்பில் நேரம் போதாமல் 1 போட்டே பழகிவிட்டது. இனி 2, 3 தான். 0 போடுவதும் இதே மாதிரி ஆபத்துதான், எல்லா உறுப்பிலும் க இருந்தால் இரண்டு பக்கமும் 0 வந்து தவறான விடையும் சரி போலத் தெரியும்.

நேர்வழி:

எல்லாரும் நல்லாத்தான் சொல்கிறீர்கள், ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு தேவையா? ஒரே விதி போதும்: கேள்வியில் மூன்று உறுப்பு என்றால் அடைப்புக்குறிக்குள்ளும் மூன்று உறுப்பு, இரண்டு என்றால் இரண்டு. எண்ணிப் பார்த்தால் 1 விட்டது தானாகத் தெரிந்துவிடும். நான் அப்படித்தான் படித்தேன், மதிப்பெண் குறையவே இல்லை.

சாக்பீஸ்_தூள்:

உறுப்பை எண்ணுவது நல்ல பழக்கம் தம்பி, நானும் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் அது விட்டதைக் கண்டுபிடிக்கும், ஏன் விடக்கூடாது என்று சொல்லாது. அடுத்த வகுப்பில் பொதுக் காரணியே ஒரு அடைப்புக்குறியாக வரும்போது அந்த வித்தியாசம் தெரியும். இதைப் பாருங்கள்:

3க(ச − 2) − (ச − 2)

இதில் எத்தனை உறுப்பு என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் மூன்று, நான்கு என்பார்கள், ஏனென்றால் அவர்கள் கண்ணுக்கு 3க, ச, 2 எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. எண்ணிக்கையே தப்பும்போது விதி எப்படி உதவும்? (ச − 2) மொத்தத்தையும் ஒரே பொருளாகப் பார்க்கத் தெரிய வேண்டும். நான் கரும்பலகையில் (ச − 2)-ஐ ஒரு கட்டம் போட்டு மூடிவிட்டு அதற்கு ப என்று பெயர் வைப்பேன். 3கப − ப. இப்போது எல்லாருக்கும் ப(3க − 1) என்று வரும். கட்டத்தைத் திறந்தால் (ச − 2)(3க − 1). வகுக்கிறோம் என்று தெரிந்த பிள்ளை −1 போடும், எடுக்கிறோம் என்று நினைக்கிற பிள்ளை (ச − 2)(3க) என்று நிறுத்தும். க = 2, ச = 5 போட்டால் கேள்வி 18 − 3 = 15, சரியான விடை 3 × 5 = 15, மற்றது 18.

இதிலேயே இன்னொரு கண்ணி, குறி. 5(ச − 2) + க(2 − ச) என்று கொடுத்தால் பொதுவாக எதுவும் இல்லை என்று விட்டுவிடுவார்கள். (2 − ச) என்பது −(ச − 2) தான். அதைத் திருப்பினால் 5(ச − 2) − க(ச − 2), அதாவது (ச − 2)(5 − க). −4க² + 8க மாதிரி முதல் உறுப்பே கழித்தல் குறியோடு தொடங்கினால் −4க-வால் வகுப்பது நல்லது, −4க(க − 2) என்று வரும், 8க ÷ (−4க) = −2 என்பதைத்தான் மறந்து +2 போடுவார்கள். இங்கேயும் வகுக்கிறோம் என்ற நினைப்புதான் காப்பாற்றும். கூட்டல் எண்ணைக் கழித்தல் எண்ணால் வகுத்தால் கழித்தல் என்று அவர்கள் ஏழாம் வகுப்பிலேயே படித்துவிட்டார்கள்.

வங்கி_ஓய்வு:

மூன்றாவது கேள்விக்கு, எதற்கு மடித்து எழுத வேண்டும் என்பதற்கு, யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, அதனால் நான் வருகிறேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகள் விட்ட அந்த 1-ஐ விட்டால் வங்கியில் என்ன ஆகும் என்று சொல்கிறேன், அவளுக்கு அது நினைவில் நிற்கும்.

10,000 ரூபாய் வைப்பு, ஆண்டுக்கு 7 சதவீதம் தனிவட்டி, 3 ஆண்டு. வட்டி 2,100. கையில் கிடைப்பது அசல் + வட்டி, அதாவது 10,000 + 10,000 × 0.21. இரண்டிலும் 10,000 பொது. 10,000 × (1 + 0.21) = 12,100. அந்த 1-ஐ விட்டுவிட்டால் 10,000 × 0.21 = 2,100 மட்டும்தான். மூன்று வருடம் கழித்து வங்கி வட்டியைக் கொடுத்துவிட்டு அசலை விட்டுவிட்டது என்று அர்த்தம். அடைப்புக்குறிக்குள் இருக்கிற 1 வேறு எதுவும் இல்லை பாப்பா, அது நீ போட்ட பணம்.

இதுவரை மடிக்காமலே கணக்குப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். கூட்டுவட்டிக்கு வாருங்கள். முதல் ஆண்டு முடிவில் 10,000 × 1.07. இரண்டாம் ஆண்டு அந்தத் தொகை மொத்தமும் அசல் ஆகிறது, அதன் மேல் 7 சதவீதம் வட்டி. ஆக 10,000 × 1.07 + 10,000 × 1.07 × 0.07. இப்போது பொதுக் காரணி என்ன? 10,000 × 1.07 மொத்தமும். அதனால் வகுத்தால் முதல் உறுப்பில் 1, இரண்டாவதில் 0.07. ஆகவே 10,000 × 1.07 × (1 + 0.07), அதாவது 10,000 × 1.07 × 1.07. மூன்றாம் ஆண்டும் இதே மாதிரி. மூன்று ஆண்டு முடிவில் 10,000 × 1.07³ = 12,250 ரூபாய் 43 காசு. புத்தகத்தில் கூட்டுவட்டிக்கு என்று ஒரு சூத்திரம் இருக்கிறதே, அடுக்கு போட்டு, அது வேறு எங்கிருந்தும் வரவில்லை, ஆண்டுக்கு ஒரு முறை பொதுக் காரணியால் வகுத்ததில் வந்தது. 20 ஆண்டு வைப்புக்கு ஒவ்வொரு ஆண்டாகக் கூட்டிக்கொண்டு போகாமல் ஒரே வரியில் விடை சொல்ல முடிகிறதென்றால் அது இந்த மடிப்பால்தான்.

மனக்கணக்குக்கும் இதுதான். 37 × 8 + 63 × 8 என்று கேட்டால் தாளைத் தேட வேண்டாம், 8 × 100.

நிரல்_வண்டு:

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு. காரணிப்படுத்தாமல் விட்டால் ஒரு விடையே தொலைந்துபோகும் இடம் ஒன்று சொல்கிறேன், எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் இதில் நிறைய மதிப்பெண் போயிருக்கிறது. க² = 5க என்று கொடுத்துவிட்டு க என்ன என்று கேட்டால் கை தானாக இரண்டு பக்கமும் க-வை அடித்துவிட்டு க = 5 என்று எழுதும். 0 போட்டாலும் சமன்பாடு சரியாகத்தான் வருகிறது, 0 = 0. அந்த விடை எங்கே போனது? க-வால் வகுத்தபோதே க என்பது 0 இல்லை என்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து க² − 5க = 0, க(க − 5) = 0 என்று எழுதினால், இரண்டைப் பெருக்கி 0 வர வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று 0 ஆக இருந்தே ஆக வேண்டும், அதனால் க = 0 அல்லது க = 5.

இது சும்மா புத்தகக் கணக்கு இல்லை. பந்தை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேராக மேலே எறிந்தால், புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், நே நொடியில் அதன் உயரம் 20நே − 5நே². பந்து எப்போது தரையில் இருக்கும்? 5நே(4 − நே) = 0. அதனால் நே = 0 அல்லது நே = 4. நாலாவது நொடியில் கீழே விழுகிறது, 0 என்பது நாம் எறிந்த நொடி. கூட்டல் வடிவத்தில் பார்த்தால் இது எதுவும் தெரியாது, மடித்து எழுதினால் இரண்டு நேரமும் கண் முன்னால் நிற்கிறது. மேலே சாக்பீஸ் சார் வகுக்கிறோம் என்று சொன்னதற்கும் நான் வகுக்காதே என்று சொல்வதற்கும் குழம்ப வேண்டாம்: அங்கே வகுத்ததை வெளியே பெருக்கலாகத் திருப்பி வைத்துவிடுகிறோம், அதனால் எதுவும் தொலையாது. இங்கே வகுத்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

கணினிக்கும் ஒரு உதாரணம். 2க³ + 3க² + 5க + 7 என்பதை அப்படியே கணக்கிட்டால் 3 + 2 + 1 என்று ஆறு பெருக்கல். க-வை அடுத்தடுத்துப் பொதுவாக்கி ((2க + 3)க + 5)க + 7 என்று எழுதினால் மூன்றே பெருக்கல். அடுக்கு நூறு, இருநூறு என்று போகும்போது இந்த வித்தியாசம் பெரியது.

பழங்கணக்கு:

அம்மா, க, ச என்று போட்டதற்கு விளக்கம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ், ஒய் என்று எழுதும் வழக்கம் 1637-இல் பிரெஞ்சு அறிஞர் டெகார்த்தே எழுதிய வடிவியல் நூலுக்குப் பிறகுதான் பரவியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் நாட்டுக் கணித அறிஞர்கள் தெரியாத எண்ணுக்கு எழுத்துதான் போட்டார்கள். முதல் தெரியாத எண் யாவத்தாவத், அதைச் சுருக்கி யா. அடுத்தடுத்தவற்றுக்கு நிறங்களின் பெயர், கருப்புக்குக் காலக என்பதில் இருந்து கா, நீலத்துக்கு நீ. உங்கள் மகள் அந்த வரிசையில்தான் எழுதுகிறாள்.

இந்தப் பொதுக் காரணியும் அங்கே உண்டு. 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் 135-ஐ 12 ஆல் பெருக்கச் சொல்லிப் பல வழிகள் காட்டுவார். ஒரு வழி 12-ஐ 8 + 4 என்று பிரிப்பது, 135 × 8 = 1080, 135 × 4 = 540, கூட்டினால் 1620. இன்னொன்று 10 + 2 என்று பிரிப்பது, 1350 + 270, அதே 1620. மற்றொன்று 20-ஆல் பெருக்கிவிட்டு 8 மடங்கைக் கழிப்பது, 2700 − 1080. 135 × (8 + 4) = 135 × 8 + 135 × 4 என்பதை இடமிருந்து வலம் படித்தால் விரிப்பது, வலமிருந்து இடம் படித்தால் 135-ஐப் பொதுவாக எடுத்து மடிப்பது. பங்கீட்டுப் பண்பு என்று பாப்பா படித்தது இதுதான், இரண்டு பாடமும் ஒரே வாசலின் இரண்டு பக்கம்.

மகளுக்கு ஒரு விளையாட்டும் சொல்லிக்கொடுங்கள். யாரையாவது ஒரு இரண்டு இலக்க எண்ணை நினைக்கச் சொல்லி, அதைத் திருப்பிப் போட்டு, பெரியதில் இருந்து சிறியதைக் கழிக்கச் சொல்லட்டும். விடை 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். 72 − 27 = 45. 83 − 38 = 45. 91 − 19 = 72. பத்தாம் இடத்தில் க, ஒன்றாம் இடத்தில் ச என்றால் எண் 10க + ச, திருப்பினால் 10ச + க. கழித்தால் 9க − 9ச, அதாவது 9(க − ச). இருபது எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் அடுத்த எண்ணுக்கும் வருமா என்ற சந்தேகம் இருக்கும், இந்த ஒரு வரி எழுதிய பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லை.

எட்டாவது_அம்மா:

எல்லாருடைய பதிலையும் இரண்டு நாளாக உட்கார்ந்து சேர்ந்து படித்தோம். யாழ்ப்பாணத் தம்பி சொன்னபடி "8-ஐ ஏன் எடுக்கவில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள், "36-க்குள்ள மூணு ரெண்டு இல்லைம்மா, அதே மாதிரி அங்க மூணு க இல்லை" என்று. கூட்டுவட்டி அவளுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, ஆனால் "1 தான் நாம போட்ட பணம்" என்பதை அவள் அப்பாவிடமும் சொல்லிவிட்டாள், பாட்டியிடமும் சொல்லிவிட்டாள். பாட்டி அந்த 72, 27 விளையாட்டில் இன்னும் விடாமல் எண் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சின்னக் கேள்வி மட்டும். இவளுடைய தோழி 24க³ − 36க²-க்கு 6க(4க² − 6க) என்று எழுதியிருக்கிறாளாம். 2 போட்டுப் பார்த்தார்கள், 12 × (16 − 12) = 48, சரியாக வருகிறது. அப்படியானால் அதற்கும் மதிப்பெண் உண்டா?

அப்புறம் உங்கள் எல்லாருக்கும் இவளே ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுத்திருக்கிறாள். 15க²ச³ − 10க³ச² − 5க²ச². விடையோடு 2, 3 போட்டுச் சரிபார்த்ததையும் எழுத வேண்டுமாம், இல்லாவிட்டால் திருத்த மாட்டாளாம்.

சாக்பீஸ்_தூள்:

தோழி எழுதியது தவறான சமன்பாடு இல்லை, பாதி வழியில் நின்ற விடை. அடைப்புக்குறிக்குள் இன்னும் 2க பொதுவாக உட்கார்ந்திருக்கிறது. அதையும் வகுத்தால் 12க²(2க − 3) வந்துவிடும். முழுமையாகக் காரணிப்படுத்து என்று கேட்டிருந்தால் நான் முழு மதிப்பெண் போட மாட்டேன், ஆனால் சுழிக்கவும் மாட்டேன், "உள்ளே இன்னும் பார்" என்று எழுதி அனுப்புவேன். எழுதி முடித்ததும் அடைப்புக்குறிக்குள் ஒரு முறை பார்த்து இன்னும் ஏதாவது பொதுவாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது தோழிக்கும் நல்லது.

பாப்பா கணக்குக்கு என் விடை: 5க²ச²(3ச − 2க − 1).

க = 2, ச = 3. கேள்வி: 1620 − 720 − 180 = 720. விடை: 5 × 4 × 9 × (9 − 4 − 1) = 180 × 4 = 720.

திருத்தி அனுப்பச் சொல்லுங்கள் அம்மா.

எட்டாவது_அம்மா:

சரி போட்டிருக்கிறாள் சார். பச்சை மையில்.